மஞ்சள் தாளில் 2520

ஜூன் 2, திங்கள்

வேலுத்தாய் அக்காவின் நம்பர் மிஷின் மூன்று மூன்றாகத்தான் சத்தம் போடுகிறது என்பதை இன்றுதான் கவனித்தேன். டக், டக், டக். ஒரு சின்ன நிறுத்தம். மறுபடி டக், டக், டக். வெள்ளைத் தாள், ரோஸ் தாள், மஞ்சள் தாள் மூன்றிலும் ஒரே நம்பரை அடித்துவிட்டுத் தண்ணீர்ப் பஞ்சில் விரலை நனைக்கிறாள். அதுதான் அந்த நிறுத்தம்.

அட்டை ஒட்டிக்கொண்டே நிறுத்தங்களை எண்ணினேன். சாப்பாட்டு பெல் அடிக்கும் வரை எழுநூற்று எட்டு. காலையில் அக்கா 1201-இல் ஆரம்பித்ததைப் பார்த்திருந்தேன். அப்படியென்றால் 1908-இல் நின்றிருக்க வேண்டும். கை கழுவப் போகும் வழியில் எட்டிப் பார்த்தேன். 1908.

இந்த டைரி எங்கள் பிரஸ்ஸில் அச்சானதுதான். மார்ச் மாதத்தில் பதினாறு பக்கம் இரண்டு தடவை வந்துவிட்டது, ஆகஸ்டில் பதினாறு பக்கம் இல்லை. அதனால் கழிவில் போட்டிருந்தார்கள். கேட்காமலே எடுத்துக்கொள்ளலாம் என்று குருசாமி அண்ணன் எல்லோருக்கும் சொன்னார். அவர் போர்மேன். கேட்க வேண்டும் என்றால் எடுத்திருக்க மாட்டேன்.

என் பெயர் சங்கரேஸ்வரி. வயது பதினாறு. சிவகாசியில் ஒரு பிரஸ்ஸில் பைண்டிங் வேலை. ஒன்பதாம் வகுப்போடு நின்றுவிட்டேன். பஸ் வசதி இல்லை.

ஜூன் 4, புதன்

கட்டிங் மிஷினிலிருந்து விழும் நீளத் தாள் துண்டுகளில் நான் கணக்கு எழுதி வைப்பது வழக்கம். யாருக்கும் காட்டுவதில்லை. இன்று ஒரு துண்டு எப்படியோ வேலுத்தாய் அக்காவுக்குப் போன புக்கில் மாட்டிக்கொண்டது. சாப்பிடும்போது அதை எடுத்துக்கொண்டு என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள்.

"ஏ புள்ள, இது உன் எழுத்துதானே?"

தலையாட்டினேன்.

"வாய் இருக்குல்ல?"

தலையாட்டினேன்.

"அதுக்கும் தலையைத்தான் ஆட்டுதா பாரு!"

துண்டில் நான் எழுதியிருந்தது: இரண்டு இலக்க எண். இலக்கங்களைக் கூட்டினால் ஒன்பது. திருப்பிப் போட்டால் இருபத்தேழு குறையும். அந்த எண் எது?

அக்கா ரசம் சாதத்தை அப்படியே வைத்துவிட்டு, இடது கையால் துண்டைப் பிடித்து வலது கையால் எழுத ஆரம்பித்தாள். தொண்ணூறு. திருப்பினால் வெறும் ஒன்பது. "அடேயப்பா, எம்பத்தொண்ணு போயிருச்சே!" எண்பத்தொன்றைத் திருப்பினால் பதினெட்டு, அறுபத்து மூன்று குறைந்தது. எழுபத்திரண்டைத் திருப்பினால் நாற்பத்தைந்து குறைந்தது. அறுபத்து மூன்றைத் திருப்பி முப்பத்தாறைக் கழித்ததும், "வந்துருச்சுடி!" என்று கத்தினாள். யாரோ விரலை வெட்டிக்கொண்டார்கள் என்று நினைத்துக் குருசாமி அண்ணன் ஓடி வந்தார்.

எண்பத்தொன்று, அறுபத்து மூன்று, நாற்பத்தைந்து, இருபத்தேழு. குறைவது எல்லாமே ஒன்பதின் மடங்கு என்று அக்காவிடம் சொல்ல நினைத்தேன். சொல்லவில்லை.

ஜூன் 5, வியாழன்

இன்றும் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள். நான் ஒரு துண்டு கொடுத்தேன்.

ஜூன் 7, சனி

வேலுத்தாய் அக்காவுக்கு இடது கையில் முழங்கை வரை தோல் சுருங்கி மினுமினுப்பாக இருக்கும். ஆறு வருடத்துக்கு முன்னால் பயராபீஸில் வெடிமருந்து தீப்பற்றியபோது ஏற்பட்டது. பட்டாசுத் தொழிற்சாலையை இங்கே எல்லோரும் பயராபீஸ் என்றுதான் சொல்வோம். அதன் பிறகுதான் இந்த பிரஸ்ஸுக்கு வந்தாளாம். மகள் பன்னிரண்டாம் வகுப்பு, விடுதியில் தங்கிப் படிக்கிறாள். வீட்டில் அக்கா மட்டும்தான்.

இன்று அவள் எனக்கு ஒரு கணக்கு போட்டாள்.

"ஒரு கூடை கொய்யாப்பழம். ரெண்டு ரெண்டா கூறு வச்சா ஒண்ணு மிச்சம். மூணு மூணா வச்சா ரெண்டு மிச்சம். நாலு நாலா வச்சா மூணு. அஞ்சஞ்சா வச்சா நாலு. இப்படியே போயி, பத்துப் பத்தா வச்சா ஒம்பது மிச்சம். கொறஞ்சது எத்தனை பழம் இருக்கணும்?"

நான் யோசித்துக்கொண்டிருந்தேன்.

"எங்கிட்ட விடை கேட்டுராத. எனக்கே தெரியாது. கல்யாணத்துக்கு முன்னால சாத்தூர் பஸ்ஸுல ஒரு ஆளு போட்ட கணக்கு. விடை சொல்லுறதுக்குள்ள ஸ்டாப் வந்து எறங்கிப் போயிட்டான். இருபது வருசமா அந்தக் கூடையச் சுமந்துக்கிட்டுத் திரியுதேன்."

ஜூன் 8, ஞாயிறு

காலையில் துணி துவைத்தேன். தண்ணீர் லாரி வரவில்லை. கடைசி இரண்டு பாவாடையை அலசாமல் வைத்திருந்து சாயந்திரம் அலசினேன்.

ஒவ்வொரு மிச்சமும் ஒன்று குறைவாக இருக்கிறது. மூன்று மூன்றாக வைத்தால் இரண்டு மிச்சம் என்றால், இன்னும் ஒரு பழம் இருந்தால் அந்தக் கூறும் முழுதாகிவிடும். நான்குக்கும் அப்படித்தான். பத்து வரைக்கும் அப்படித்தான். ஆக, யாரோ ஒரு பழத்தை மட்டும் எடுத்துவிட்டார்கள். அதைத் திரும்பப் போட்டால் எல்லாக் கூறும் சரியாக வரும். இரண்டு முதல் பத்து வரை எல்லாவற்றாலும் மீதியில்லாமல் வகுபடும் மிகச் சிறிய எண் எது என்று பார்த்தால் போதும்.

எட்டையும் ஒன்பதையும் பெருக்கினால் எழுபத்திரண்டு. அதில் இரண்டு, மூன்று, நான்கு, ஆறு எல்லாம் அடங்கிவிட்டன. ஐந்தால் பெருக்கினால் முந்நூற்று அறுபது, பத்தும் வந்துவிட்டது. ஏழு மட்டும் யாரோடும் சேராது. அதையும் பெருக்கினால் 2520. ஒரு பழத்தை எடுத்துவிட்டால் 2519.

அம்மா, "துணியப் பாத்து எதுக்குடி சிரிக்க?" என்றாள்.

ஜூன் 9, திங்கள்

துண்டில் 2519 என்று எழுதிக் கொடுத்தேன். அக்கா நம்பவில்லை. ஏழு ஏழாகவும் ஒன்பது ஒன்பதாகவும் வகுத்துப் பார்த்தாள். ஏழுக்கு ஆறு மிச்சம். ஒன்பதுக்கு எட்டு மிச்சம். வகுத்து முடித்ததும் என் கன்னத்தைக் கிள்ளினாள். கையில் பசை இருந்தது.

பிறகு பைண்டிங் முழுவதும் போய்ச் சொல்லிவிட்டாள். "இருபது வருசக் கணக்கு, ஞாயித்துக்கிழமை துணி தொவைக்கையில முடிச்சுட்டா எங்க ஈஸ்வரி." எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். நான் கழிப்பறைக்குப் போய்க் கொஞ்ச நேரம் நின்றேன்.

ஜூன் 11, புதன்

சரக்கு ஏற்றி அனுப்பும் லாரி ஷெட் ஒன்றுக்குச் சலான் புக். நூறு புக், ஒவ்வொன்றிலும் ஐம்பது செட், செட்டுக்கு மூன்று தாள். வெள்ளை சரக்கோடு டிரைவரிடம் போகும். ரோஸ் சரக்கை வாங்குகிறவரிடம் கொடுப்பது. மஞ்சள் புக்கிலேயே இருக்கும். ஒன்றிலிருந்து ஐயாயிரம் வரை நம்பர்.

"உன் நம்பரும் இதுல வரும்டி. நான் அடிக்கையில பாத்துக்கோ" என்றாள் அக்கா.

மிஷினின் பக்கவாட்டில் ஒரு சின்ன முள் இருக்கிறது. அதை மூன்றில் வைத்தால் ஒரே நம்பர் மூன்று தடவை விழும். நான்காவது அடிக்கு அடுத்த நம்பர். அக்கா கழிவுத் தாளில் மூன்று தடவை அடித்துப் பார்த்துவிட்டு, குச்சியால் சக்கரத்தைப் பின்னால் தள்ளி மறுபடி ஒன்றுக்குக் கொண்டுவந்தாள். மத்தியானம் இரண்டு மணிக்கு ஆரம்பித்தாள்.

அரை நாளுக்கு எழுநூற்று எட்டு என்று வைத்துக்கொண்டால், வெள்ளிக்கிழமை காலை டீ நேரத்துக்குப் பக்கத்தில் வரும்.

ஜூன் 13, வெள்ளி

02519

இன்று வந்தது. மேலே இருப்பது அதுதான். நேராகவும் அழுத்தமாகவும் விழுந்திருக்கிறது.

டீ பெல் அடித்தாலும் அக்கா கையில் இருக்கும் புக்கை முடித்துவிட்டுத்தான் எழுந்திருப்பாள். இன்று நடுவிலேயே எழுந்தாள். "அக்கா, டீ ஆறிப்போகும்" என்று நான் சொன்னேன். "என்னடி, மழை வரப்போகுது! சங்கரேஸ்வரி வாயைத் தொறந்துட்டா" என்று சொல்லிக்கொண்டே போனாள். கடைசியாக அவள் அடித்திருந்த மஞ்சள் தாளில் 2518 இருந்தது.

மழை வரவில்லை.

ஜூன் 14, சனி

சலான் புக் முடிந்தது. குருசாமி அண்ணன் நூறு புக்கையும் வரிசையாக அடுக்கி, ஒவ்வொன்றிலும் முதல் தாளை மட்டும் தூக்கிப் பார்த்தார். 1, 51, 101, 151. எல்லாம் சரி. நான் முதுகுக்குக் காலிகோ துணி ஒட்டினேன்.

ஜூன் 18, புதன்

கரண்டு இல்லை. கல்யாணப் பத்திரிகை மடித்தோம். அக்காவுக்கு ஒரு துண்டு கொடுத்தேன். மூன்று இலக்க எண், எப்படித் திருப்பினாலும் மாறாது, பதினொன்றால் வகுபடும். பதில் நாளைக்கு என்றாள்.

ஜூன் 19, வியாழன்

121 என்றாள். சரி. 242-உம் சரி என்றேன். வாயால் சொன்னேன்.

ஜூன் 24, செவ்வாய்

சலான் புக் திரும்பி வந்துவிட்டது.

லாரி ஷெட்காரர்கள் ஐம்பது புக்கை இங்கே வைத்துக்கொண்டு, 51-ஆம் புக்கிலிருந்து மதுரைக் கிளைக்கு அனுப்பியிருக்கிறார்கள். அங்கே கட்டின் நடுவிலிருந்து ஒரு புக்கை எடுத்து இரண்டு நாள் எழுதிய பிறகுதான் யாரோ பார்த்திருக்கிறார்கள். வெள்ளையிலும் ரோஸிலும் ஒரு நம்பர், மஞ்சளில் அடுத்த நம்பர். ஐம்பது புக்கும் அப்படித்தான். முதல் தாளை மட்டும் பார்த்தால் ஒன்றும் தெரியாது.

அண்ணாச்சி பைண்டிங்குக்கே வந்தார். அவர்தான் முதலாளி. சாதாரணமாக அவருடைய கண்ணாடி அறையை விட்டு வெளியே வரமாட்டார்.

"யாரு நம்பர் அடிச்சது?"

"நாந்தான் அண்ணாச்சி" என்றாள் வேலுத்தாய் அக்கா.

"தூங்கிக்கிட்டு அடிச்சியா?"

"இல்ல அண்ணாச்சி. மூணு மூணாத்தான் அடிச்சேன்."

"மூணு மூணா அடிச்சா இது எப்படிம்மா வரும்?"

குருசாமி அண்ணன் மெதுவாக, "அந்தக் கை அப்பப்ப இழுக்கும்லா. ரெண்டு தரம் அமுங்கியிருக்கும்" என்றார். அவர் அதைக் கெட்ட எண்ணத்தில் சொல்லவில்லை. ஆனால் அக்கா உடனே இடது கையைச் சேலைத் தலைப்புக்குள் வைத்துக்கொண்டாள். மிஷின் அழுத்துவது வலது கையால்தான் என்று யாரும் சொல்லவில்லை. நானும் சொல்லவில்லை.

அடுத்த திங்கட்கிழமைக்குள் ஐம்பது புக்கும் புதிதாக அச்சடித்துத் தர வேண்டுமாம். அண்ணாச்சி போகும்போது, "சனிக்கிழமையோட நின்னுக்கோம்மா. எனக்கும் வேற வழியில்ல" என்றார்.

அக்கா அழவில்லை. கொஞ்ச நேரம் கழித்து, "பயராபீஸ்ல கேட்டா எடுத்துக்கிடுவாக. கை பழகுன வேலைதானே" என்று யாரிடமோ சொல்வதுபோலச் சொன்னாள்.

ஜூன் 25, புதன்

மூன்று அடிக்கு ஒருமுறை நம்பர் மாறும். நடுவில் எங்கோ வீணாக அடி விழுந்திருக்கிறது. எத்தனை?

ஒன்று விழுந்தால் மஞ்சள் மட்டும் அடுத்த நம்பருக்குப் போகும். இரண்டு விழுந்தால் ரோஸும் போகும். மூன்று விழுந்தால் மூன்று தாளும் சேர்ந்து போகும். செட் பொருந்தும், ஆனால் நடுவில் ஒரு நம்பரே இருக்காது. நான்கு விழுந்தால் மறுபடி மஞ்சள் மட்டும் முந்தும், ஆனால் அப்போது வெள்ளை நம்பரும் தப்பாகியிருக்கும். வெள்ளை சரியாக இருக்கிறது. நூறாவது புக்கின் கடைசி வெள்ளைத் தாள் 5000 என்று நானே பார்த்தேன்.

அதனால் ஒரே ஒரு அடி.

இன்று வீட்டில் மாவு அரைத்தேன். தலை வலித்தது. சீக்கிரம் படுத்துவிட்டேன்.

ஜூன் 26, வியாழன்

அக்கா சாப்பிடும்போது என் பக்கத்தில்தான் உட்கார்ந்தாள். துண்டு கேட்கவில்லை. "ராத்திரி கண்ண மூடுனா டக் டக்னு கேக்குது. எங்க விட்டேன்னு எண்ணிப் பாக்கேன். பிடிபட மாட்டேங்குது" என்றாள். "ஒருவேளை நெசமாவே கை இழுக்குதோ என்னமோ. எனக்கே தெரியாம."

நான் தட்டைக் கழுவப் போனேன்.

பஸ் வசதி இல்லை என்று முதல் பக்கத்தில் எழுதியிருக்கிறேன். பஸ் இருந்தது. எட்டே காலுக்கு ஒன்று, எட்டு ஐம்பதுக்கு ஒன்று.

ஒன்பதாம் வகுப்பில் டீச்சர் போர்டில் ஒரு மீதிக் கணக்கு எழுதினார்கள். நான் நோட்டில் விடையை மட்டும் எழுதினேன். வழி எழுதவில்லை. எனக்கு அது அப்படியே தெரிந்தது. போர்டுக்கு வந்து வழியை விளக்கச் சொன்னார்கள். சாக்பீஸைப் பிடித்துக்கொண்டு நின்றேன். பின்னால் நாற்பத்தாறு பேர். பெல் அடிக்கும் வரை நின்றேன். டீச்சர் கடைசியில், "யாரைப் பாத்து எழுதினே? பாத்துத்தானே எழுதினே?" என்று கேட்டார்கள். தலையாட்டினேன். இல்லை என்று சொன்னால் விளக்க வேண்டியிருக்கும். ஆமாம் என்பதற்குத் தலையை ஆட்டினால் போதும்.

மறுநாள் போகவில்லை. அதற்கு மறுநாளும் போகவில்லை. அம்மாவிடம் பஸ் நிற்காமல் போய்விடுகிறது என்று சொன்னேன்.

ஜூன் 27, வெள்ளி

திரும்பி வந்த புக்குகள் தாள் கட்டுகளுக்குப் பின்னால் அடுக்கியிருக்கின்றன. டீ நேரத்தில் எல்லோரும் வெளியே போனதும் 51-ஆம் புக்கை எடுத்தேன். பார்க்க வேண்டிய அவசியம் இல்லை. ஆனாலும் பார்த்தேன்.

2517. வெள்ளை, ரோஸ், மஞ்சள் மூன்றும் 2517.
2518. மூன்றும் சரி.
2519. வெள்ளை 2519, ரோஸ் 2519, மஞ்சள் 2520.

அன்றைக்கு நான் அடித்தது ஒரே ஒரு தடவை. அக்கா எழுந்து போனதும் டைரியை மடியிலிருந்து எடுத்து, 13-ஆம் தேதிப் பக்கத்தை விரித்து, மிஷினை மெதுவாக வைத்து அழுத்தினேன். அதன் பிறகு மிஷினை இருந்த இடத்திலேயே, இருந்த கோணத்திலேயே வைத்தேன். அது மூன்றில் ஒன்றை எண்ணிக்கொண்டது என்று எனக்குத் தோன்றவே இல்லை. எண்ணத் தெரிந்தவள் நான்தான். எனக்கே தோன்றவில்லை.

அக்கா டீ குடித்துவிட்டு வந்து வெள்ளைத் தாளில் அடித்தாள். 2519 சரியாக விழுந்தது. சந்தேகப்பட ஒன்றுமே இல்லை. மஞ்சளை யாரும் நம்பர் பார்த்து அடிப்பதில்லை.

நாளை சனிக்கிழமை.

ஜூன் 28, சனி

காலையில் சொல்ல நினைத்தேன். அண்ணாச்சி போனில் இருந்தார். பதினொரு மணிக்கு நினைத்தேன். லாரி ஷெட்காரர் வந்திருந்தார். சாப்பாட்டுக்குப் பிறகு அக்கா அவளுடைய டம்ளரையும் டிபன் கேரியரையும் கழுவித் துடைத்து ஒரு பையில் வைத்தாள். விரல் நனைக்கும் பஞ்சையும் பிழிந்து வைத்தாள். நான் எழுந்து போய்க் கண்ணாடிக் கதவைத் தள்ளினேன்.

"என்னம்மா, லீவு வேணுமா?" என்றார் அண்ணாச்சி.

தலையை ஆட்டினேன், இல்லை என்று.

"உடம்புக்கு முடியலையா?"

இல்லை.

"பின்ன என்னதான் வேணும்? சொல்லு, எனக்கு வேலை கெடக்கு."

"நான் அடிச்சேன், அண்ணாச்சி."

"யாரைம்மா அடிச்ச?"

வெளியே யாரோ சிரித்தார்கள். கதவை நான் சாத்தவில்லை. பைண்டிங்கில் பாதிப்பேர் பார்த்துக்கொண்டிருந்தார்கள். திரும்பினால் எண்ணிவிடுவேன் என்று திரும்பவில்லை.

"சலான் புக்கு நம்பரு. வேலுத்தாயக்கா தப்பா அடிக்கல. டீக்குப் போயிருந்தப்ப நான் மிஷினை எடுத்து என் டைரியில ஒரு அடி அடிச்சேன். அதுல மூணு ரெண்டாப் போச்சு. அங்கேருந்து மஞ்சள் முந்திருச்சு."

இவ்வளவையும் ஒரே மூச்சில் சொன்னேன். அண்ணாச்சி என்னையே பார்த்தார். பிறகு, "குருசாமி! இந்தப் புள்ள என்னமோ சொல்லுது, வந்து கேளு" என்றார்.

குருசாமி அண்ணன் கேட்டுவிட்டு, "அக்காளுக்குப் பரிஞ்சு பேசுதா அண்ணாச்சி. இது மிஷினைத் தொட்டே நான் பாத்ததில்ல" என்றார்.

"51-ஆம் புக்கு, 2519-ஆம் செட்டு. அதுக்கு முந்தின செட்டு வரைக்கும் சரியா இருக்கும். அதுலேருந்துதான் தப்பு" என்றேன்.

அவர் போய் அந்தப் புக்கை எடுத்துவந்து புரட்டினார். ஒருமுறை புரட்டிவிட்டு மறுபடி முதலிலிருந்து புரட்டினார். பிறகு அண்ணாச்சி முன்னால் விரித்து வைத்தார்.

"பெரிய கெட்டிக்காரிதான்" என்றார் அண்ணாச்சி. பாராட்டாக இல்லை. "எடம் கண்டுபிடிச்சு என்ன பண்ண? ஐம்பது புக்கு புதுசா அடிக்கணும். திங்கக்கிழமை அந்தாளுக்கு நான் என்ன பதில் சொல்ல?"

"புதுசா அடிக்க வேண்டாம், அண்ணாச்சி."

"பின்ன?"

அங்கே போர்டு இல்லை. மேஜையில் மூன்று கலரிலும் வெற்றுத் தாள் கிடந்தது. எடுத்து மூன்று செட்டாக வரிசையாகப் பரப்பினேன். பென்சிலால் நம்பர் எழுதினேன். வெள்ளை 2519, ரோஸ் 2519, மஞ்சள் 2520. அடுத்த செட், வெள்ளை 2520, ரோஸ் 2520, மஞ்சள் 2521. இரண்டு என்பது கோழிக்குஞ்சு மாதிரி விழுந்தது.

"2520 மஞ்சளு இந்தா இருக்கு. ஒரு எடம் முந்தி இருக்கு, அவ்வளவுதான். பின்னைப் பிடுங்கிட்டு, ஒவ்வொரு மஞ்சளையும் அடுத்த செட்டுக்குத் தள்ளணும். புக்கோட கடைசி மஞ்சள் அடுத்த புக்கோட முதல் செட்டுக்குப் போகும். எல்லாம் சரியாயிரும். கடைசியில 5001-னு ஒரு மஞ்சள் மிஞ்சும். அதைக் கழிச்சுரலாம். 2519-க்கு மட்டும் ஒரு மஞ்சத்தாள் புதுசா வேணும். ஒரே ஒரு தாளு."

அண்ணாச்சி மஞ்சள் தாள்களை ஒவ்வொன்றாகக் கையால் தள்ளிப் பார்த்தார். குருசாமி அண்ணனும் தள்ளிப் பார்த்தார். மதுரையில் எழுதிய நாலைந்து செட்டை என்ன செய்வது என்று கேட்டார். "ரத்துன்னு எழுதிருவாக, அது அவுக பாடு" என்றார் அண்ணாச்சி.

"அந்த 2519 எங்கடி?"

வேலுத்தாய் அக்கா கதவருகில் நின்றிருந்தாள். எப்போது வந்தாள் என்று தெரியாது.

"எங்கிட்ட இருக்கு."

"அந்தக் கொய்யாப்பழ நம்பருக்காகவா?"

தலையாட்டினேன்.

"நாலு நாளா என் கையையே நான் திருப்பித் திருப்பிப் பாத்துக்கிட்டு இருந்தேன். பக்கத்துலதானே உக்காந்திருந்த. எங்கிட்டச் சொல்லியிருக்கலாம்லடி."

சொல்லியிருக்கலாம். அவள் பையை எடுத்துக்கொண்டு அவளுடைய இடத்துக்குப் போய், டம்ளரை வெளியே எடுத்து வைத்தாளா இல்லையா என்று நான் பார்க்கவில்லை.

அண்ணாச்சி, "வேலுத்தாய் இருக்கட்டும்" என்று குருசாமி அண்ணனிடம் சொன்னார். என்னிடம், "ஐம்பது புக்கு. பின்னைப் பிடுங்கி, தள்ளி, திருப்பிப் பின்னடிச்சு, காலிகோ ஒட்டணும். நாளைக்கு லீவு. யாரு வருவா?" என்றார்.

"நான் வாரேன்."

"உன்ன என்ன பண்ணணும்னு திங்கக்கிழமை பாத்துக்கிடுதேன்."

வீட்டுக்கு வந்து அம்மாவிடம் எல்லாவற்றையும் சொன்னேன். பஸ்ஸைப் பற்றியும் சொன்னேன். அம்மா, "அந்த டீச்சர் பேரு என்ன?" என்று கேட்டாள். எதற்கு என்று தெரியவில்லை. சொன்னேன்.

ஜூன் 29, ஞாயிறு

வாட்ச்மேன் எட்டரைக்குக் கதவைத் திறந்தார். மிஷின் ஒன்றும் ஓடாதபோது பைண்டிங் பெரியதாகத் தெரிகிறது. 51 முதல் 100 வரை ஐம்பது புக்கையும் வரிசையாக மேஜையில் அடுக்கினேன். காலிகோவை நனைத்து உரிப்பதற்கு ஒரு கிண்ணத்தில் தண்ணீர் எடுத்து வைத்தேன்.

ஒன்பது மணிக்கு வேலுத்தாய் அக்கா வந்தாள். நேற்று அவள் வருவதாகச் சொல்லவில்லை. மேஜையின் மறுகோடியில் போய் உட்கார்ந்து நூறாவது புக்கைத் தன் பக்கம் இழுத்தாள்.

"நான் இந்தக் கோடியிலேருந்து வாரேன். நீ அந்தக் கோடியிலேருந்து வா."

நான் ஏதோ சொல்ல வாயெடுத்தேன்.

"பேசாத. நான் இன்னும் கோவமாத்தான் இருக்கேன். இத்தன நாளு பேசாம இருந்தவளுக்கு இன்னைக்கு ஒரு நாளு முடியாதா?"

51-ஆம் புக்கை எடுத்து, காலிகோவை உரித்து, இடுக்கியால் முதல் பின்னைப் பிடுங்கினேன்.